போட்ட வரிசை, எடுத்த வரிசை

உத்திரமேரூர்
18.9.2025

தம்பி தமிழரசனுக்கு ஏகாம்பரம் எழுதுவது.

இங்கு நானும் உன் அண்ணியும் நலம். ஜெயப்பிரியா தன் கணவர் வீட்டில் நலமாக இருக்கிறாள். உன் உடல்நிலையைக் கேட்பது முறை; கேட்டுவிட்டேன்.

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். பாசம் பெருகி எழுதவில்லை. தொலைபேசியில் அழைக்காதே. எனக்கு வேண்டியது நீ கையெழுத்திட்ட ஒரு காகிதம்.

நம் கிராமத்துக் கொள்முதல் நிலையத்தில் நாற்பத்திரண்டு பேர் நெல் போடுகிறோம். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு குவியல்களே எடைக்கு ஏறும். யார் முந்துவது என்று ஒவ்வொரு சாகுபடிப் பட்டத்திலும் அடிதடி. சென்ற ஆண்டு களக் குழு ஒன்றை அமைத்து என்னைத் தலைவராக்கினார்கள். நான் வரலாறு படித்தவன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீட்டெழுதிக் குடத்திலிட்டு நிர்வாகிகளைத் தேர்ந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு, குலுக்கல் முறையைக் கொண்டுவந்தேன். மூன்று பட்டங்களாக அப்படித்தான் நடக்கிறது.

இம்மாதம் ஒன்பதாம் தேதிவரை பதினான்கு குவியல்கள் எடை ஏறின. பத்தாம் தேதி மழை பிடித்தது. குழுவிடம் இருந்த இருபது தார்ப்பாய்களை வரிசைப்படி அடுத்த இருபது பேருக்குக் கொடுத்தோம். கடைசி எட்டுக் குவியல்கள் நனைந்து முளைவிட்டன. அவற்றுள் ஒன்று வேதகிரியுடையது. காலனியில் முதல் வீட்டுக்காரன். ஒன்றேகால் ஏக்கர் குத்தகைக்குப் பயிரிடுபவன்.

பதினான்காம் தேதிக் கூட்டத்தில் அவன் எழுந்து நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பிகாரன் கப்பல்ல சீட்டாடுறான், அண்ணங்காரன் கொடத்துல சீட்டாடுறான். ரெண்டும் ஒரே வூட்டு கையிதான." சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி எறிந்தான். செயலாளர் ராஜாராமுக்கு நெற்றியில் மூன்று தையல். குழுத் தலைவர் என்ற முறையில் புகார் கொடுத்தேன். இப்போது அவன் சிறையில் இருக்கிறான்.

நீ கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவன். அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்கிறாய் என்பதை இங்கு எழுத விரும்பவில்லை. குடத்தில் சீட்டுப் போட்டு எடுப்பது நேர்மையான முறை. இப்படிப்பட்ட முடிவு தற்செயலாகவும் வரக்கூடும். இவ்வளவும் எழுதி, பட்டத்தைக் குறிப்பிட்டு, கையெழுத்திட்டு அனுப்பு. குலுக்கலே மோசடி என்று அவன் தரப்பு சொல்வதால் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும்.

உன் அண்ணி விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

ஏகாம்பரம்

*

பனாஜி, கோவா
27.9.2025

மதிப்பிற்குரிய அண்ணனுக்குத் தமிழரசன் வணக்கத்துடன் எழுதுவது.

நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? அண்ணிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? உங்கள் கையெழுத்தை உறைமேல் கண்டதும் வீட்டில் ஏதோ நேர்ந்துவிட்டது என்று பயந்து, பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

காகிதம் தருவதில் தடையில்லை. கேள்வியே கேட்காமல் கையெழுத்திடும் பழக்கம் இருந்திருந்தால் கல்லூரியில் பதினோரு ஆண்டுகள் ஒப்பந்த விரிவுரையாளராக உட்கார்ந்திருக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு மூன்று விவரங்கள் தேவை. சீட்டுகள் எந்த வரிசையில் குடத்துக்குள் போடப்பட்டன? எப்படிக் கலக்கப்பட்டன? எந்த வரிசையில் வெளியே வந்தன? மூன்று பட்டங்களுக்கும் எழுதுங்கள்.

நான் என்ன செய்கிறேன் என்பதை நீங்கள் எழுத விரும்பாததால் நானே சொல்லிவிடுகிறேன். மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல் ஒன்றில் போக்கர் மேசையில் அமர்கிறேன். எட்டு மணிநேரம் உட்கார்ந்தால், ஐந்து கைகளுக்கு, அதாவது ஐந்து ஆட்டங்களுக்கு, நான்கில் சீட்டைக் கவிழ்த்துவிட்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அறைக்குத் திரும்பியதும் ஆடியவற்றை நோட்டில் எழுதி, எடுத்த முடிவு சரியா தவறா என்று மதிப்பெண் போடுவேன். வெற்றி தோல்விக்கு அதில் மதிப்பெண் கிடையாது. நாள் முழுதும் விடைத்தாள் திருத்துவது போன்ற வேலைதான்.

அண்ணிக்கு என் வணக்கம்.

தங்கள் தம்பி
தமிழரசன்

*

உத்திரமேரூர்
6.10.2025

தமிழரசனுக்கு,

யாவரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

உன் தினசரி அலுவல் குறித்த பத்தி எனக்குத் தேவைப்படவில்லை. கேட்ட விவரங்கள் இதோ.

ஒரே அளவில் வெட்டிய அட்டைச் சீட்டுகளில் பெயர்களை நானே எழுதுகிறேன். நான்காக மடித்து எல்லார் கண்ணெதிரிலும் ஒவ்வொன்றாகக் குடத்தில் போடுகிறேன். காலனிக்காரர் பதினான்கு பேர், ஊர்த் தெருக்காரர் இருபத்தெட்டுப் பேர். காலனியின் பெயர்களே முதலில் போடப்பட வேண்டும் என்பது நான் வகுத்த விதி. இந்த ஊரில் எதிலும் அவர்களைக் கடைசியில் நிறுத்தியே பழக்கம். இதிலாவது முதல் மரியாதை அவர்களுக்கு இருக்கட்டும் என்று சொன்னபோது, ஊர்த் தெருவில் முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

குடம் சிறிய பித்தளைக் குடம். நாற்பத்திரண்டு சீட்டும் போட்டால் கழுத்துவரை நிறையும். வாயை மூடி மூன்று முறை குலுக்குவேன். எடுப்பவன் நிலையத்துக் காவலாளி கோபால். வெளியூர்க்காரன், ஒரு சென்ட் நிலம் கிடையாது. கை தடித்தவன். மணிக்கட்டுக்கு மேல் குடத்துக்குள் நுழையாது. ஆகவே துழாவித் தேடி ஒருவர் சீட்டை எடுக்க அவனால் இயலாது. இதைவிட உத்தரவாதம் என்ன வேண்டும்?

வெளிவந்த வரிசையைத் தனித்தாளில் மூன்று பட்டங்களுக்கும் நகலெடுத்து இணைத்திருக்கிறேன். நீ எண்ணுவதற்கு முன் நானே சொல்கிறேன்: முதல் பதினான்கு இடங்களில் காலனிக்காரர் முதல் பட்டத்தில் ஒருவர், இரண்டாவதில் எவருமில்லை, மூன்றாவதில் ஒருவர். வேதகிரி முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று, நாற்பது. அதிர்ஷ்டம் இல்லாதவன் அதிர்ஷ்டம் இருப்பவன்மீது பழி போடுகிறான். அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். வழக்கு டிசம்பரில் விசாரணைக்கு வருகிறது. அதற்குள் காகிதம் வந்து சேர வேண்டும்.

ஏகாம்பரம்

*

பனாஜி
19.10.2025

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு வணக்கம்.

நான் நலம். நாளை தீபாவளி, நீங்களும் அண்ணியும் நல்லபடியாகக் கொண்டாடுங்கள்.

நீங்கள் கேட்ட காகிதத்தை என்னால் தர முடியாது. காரணத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

மூன்று குலுக்கல்களிலும் முதல் பதினான்கு இடங்களைச் சேர்த்தால் நாற்பத்திரண்டு இடங்கள். காலனிக்காரர் மூன்றில் ஒரு பங்கு என்பதால் நேர்மையான குலுக்கலில் ஏறத்தாழ பதினான்கு இடங்கள் அவர்களுக்கு வந்திருக்க வேண்டும். வந்தவை இரண்டு. இது தற்செயலாக நேர முப்பது லட்சத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மேசையில் ஒருவர் இப்படிச் சீட்டுப் பிரித்தால் நான் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவேன்.

யாரும் ஏமாற்றியதாக நான் சொல்லவில்லை. என் ஆய்வேடு எதைப் பற்றியது என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை. கலைத்தலைப் பற்றியது. ஒரு சீட்டுக்கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கலைத்தால்கூட ஏழு முறை கலைத்த பிறகுதான் பழைய வரிசை மறையும். கழுத்துவரை அடைத்த குடத்தை மூன்று முறை ஆட்டினால் உள்ளே ஒன்றும் நகராது. கடைசியில் போட்டது மேலே இருக்கும். கோபாலின் கை மேலே இருப்பதைத்தான் எடுக்கும். நீங்கள் முதல் மரியாதை என்று முதலில் போட்ட பதினான்கு பெயர்களும் அடியில் கிடந்தன. கோபாலின் தடித்த கையை நேர்மைக்கு உத்தரவாதம் என்கிறீர்கள். அவர்கள் பெயர் வெளிவராமல் போனதற்கு அந்தக் கைதான் காரணம்.

வேதகிரி சொன்ன காரணம் தவறு. ஆனால் வரிசை நேர்மையாக இல்லை என்று அவர் சொன்னது சரி. இதை நீங்களே நீதிமன்றத்தில் சொன்னால் வழக்கின் நிறம் மாறிவிடும். அப்படி ஒரு காகிதம் வேண்டுமானால் இன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன்.

அண்ணிக்கு வணக்கம்.

தமிழரசன்

*

உத்திரமேரூர்
24.10.2025

தமிழரசனுக்கு,

நலம்.

உன் கடிதம் நேற்று வந்தது. எனக்குக் கணிதம் கற்பிக்கும்படி உன்னிடம் கேட்கவில்லை. ஒரு குடத்தைக் கண்ணால் பார்க்காமல், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கப்பலில் உட்கார்ந்துகொண்டு, அது என்ன செய்தது என்று தீர்ப்பெழுதுகிறாய். இதை ஆய்வு என்று அழைக்கும் துணிவு சூதாடிக்கு மட்டுமே வரும்.

எனக்கும் படிக்கத் தெரியும். செப்டம்பரில் உன் கடிதம் ஹோட்டல் பெயர் அச்சிட்ட தாளில் வந்தது. இம்முறை கோடு போட்ட நோட்டுத்தாளில் வந்திருக்கிறது. உறையின் பின்புறம் விடுதி முகவரியை அடித்துவிட்டு வேறு முகவரி எழுதியிருக்கிறாய். நலம் என்று எழுதும் உன் நலத்தின் அளவு எனக்குத் தெரிகிறது. தன் பிழைப்பையே கணிக்கத் தெரியாதவன் முப்பது லட்சத்தில் ஒன்று என்று எனக்குக் கணித்துத் தருகிறான்.

சான்று தர வேறு பேராசிரியர்கள் இருக்கிறார்கள். இத்துடன் இந்த விவகாரத்தில் உன் பங்கு முடிந்தது.

ஏகாம்பரம்

*

மாப்புசா, கோவா
9.11.2025

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு வணக்கம்.

நீங்கள் படித்தது சரி. ஆகஸ்டில் வந்த சட்டத்தோடு இணையத்தில் காசுக்கு ஆடும் மேசைகள் மூடப்பட்டன. என் வருமானத்தில் பாதி அதில்தான் இருந்தது. கப்பலில் நான்கு மாதங்களாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். ஹோட்டலிலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து ஒரு முந்திரிப்பருப்புக் கடையின் மாடியறைக்கும் வந்துவிட்டேன். நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முடிவுகளில் பெரிய பிழை தெரியவில்லை. சரியாக ஆடியும் மாதக்கணக்கில் தோற்க முடியும் என்று மாணவர்களுக்குக் கரும்பலகையில் நிரூபித்துக் காட்டியிருக்கிறேன். அதற்குள் குடியிருப்பது வேறு. சில நாள் கப்பலுக்குப் போகும் படகில் ஏறக் கால் வருவதில்லை. ஆனால் தோற்ற கைகளைப் பார்த்து எனக்குப் பயமில்லை, அண்ணா. தப்பாக ஆடி ஜெயித்த கைகளைக் கண்டுதான் பயம். அவற்றை யாரும் திருத்திக்கொள்வதில்லை.

என் பங்கு முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கேள்வி மீதமிருக்கிறது. அதைச் சென்ற கடிதத்திலேயே எழுதிவிட்டு அடித்துவிட்டு, தாளை மாற்றி எழுதினேன்.

மேசையில் எதிரே இருப்பவரின் முகத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. வழக்கமாகச் சொல்லும் எதை இந்தமுறை சொல்லாமல் விடுகிறார் என்றுதான் பார்ப்பேன். அக்டோபர் கடிதத்தில் வேதகிரியின் இடங்களை எழுதினீர்கள். உங்கள் இடங்களை எழுதவில்லை. இணைத்த தாளில் தேடி எடுத்தேன். முதல் பட்டத்தில் பதினாறு. இரண்டாவதில் பத்தொன்பது. மூன்றாவதில் இரண்டு.

மேலே இருப்பதுதான் முதலில் வருகிறது என்றால், எடுத்த வரிசையைத் தலைகீழாகப் படித்தால் போட்ட வரிசை கிடைக்கும். முதல் இரண்டு முறை உங்கள் சீட்டை ஊர்த் தெருச் சீட்டுகளின் நடுவில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் குணத்துக்கு அதுதான் பொருந்தும். மூன்றாம் முறை, மழை வருவதற்கு ஆறு நாள் முன்னால், கடைசிக்கு முந்தையதாகப் போட்டிருக்கிறீர்கள்.

ஏன் மாற்றினீர்கள்?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழரசன்

*

உத்திரமேரூர்
2.12.2025

தம்பிக்கு அண்ணி சுலோச்சனா எழுதறது. நல்லா கீறீங்களா? வேளைக்கு சாப்புடுங்க. உங்க அண்ணன் மாரி எனக்கு எழுத வராது. பேசற மாரியே எழுதறேன், கோச்சிக்காதீங்க.

உங்க லெட்டர் வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆவுது. நின்னுக்கினே படிச்சாரு. மடிச்சி சட்டப் பாக்கெட்ல வெச்சாரு. அன்னிலருந்து எந்த சட்ட போட்டாலும் அது அந்தப் பாக்கெட்டுக்கு மாறிக்கினே கீது. சோறு போட்டா துன்றாரு, போடலன்னா கேக்கறதில்ல.

நசுங்கன கொடத்த வூட்டுக்கு எத்துக்கினு வந்துட்டாரு. கூடத்துல ஒக்காந்துக்கினு பழைய கல்யாணப் பத்திரிகைய வெட்டி மடிச்சி உள்ள போட்றாரு, குலுக்குறாரு, கைய வுட்டு எடுக்குறாரு. எடுத்து எடுத்து நோட்ல எழுதுறாரு. இன்னா பண்றீங்கன்னு கேட்டா ஒண்ணுமில்லன்றாரு. நீங்க ரெண்டு பேரும் ஒரே மாரிதான் கீறீங்கன்னு நெனச்சிக்கினேன். அவுரு காதுல வுழற மாரி சொன்னா என்னையும் உங்கள மாரி வூட்ட வுட்டு தொரத்திடுவாரு.

முந்தாநேத்து வேதகிரி சம்சாரம் தோட்டத்து வாசப்படியாண்ட வந்து நின்னா. உள்ள வான்னா வரல. வேதகிரி ஒரகடத்துல ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கினு இருந்தாரில்ல, கேஸ் கீறவன வெச்சிக்க மாட்டோம்னு நிறுத்திட்டாங்களாம். "நெல்லு மொளச்சி போச்சி, அத்த மாட்டுக்கு போட்டோம். தண்டன ஆயிட்ச்சின்னா எங்கியும் வண்டி ஓட்ட முடியாதும்மா. நைனா ஒரு வார்த்த சொன்னா நிக்கும்"ன்னா. இவுரு உள்ளதான் இருந்தாரு. கேட்டுக்கினுதான் இருந்தாரு. வெளில வரல.

நீங்க இன்னா எழுதனீங்கன்னு எனக்கு தெரியாது. கேக்கவும் மாட்டேன். பதினேழாந் தேதி கோர்ட்டு. அவ்ளோதான் எனக்கு தெரியும்.

ஒடம்ப பாத்துக்கங்க தம்பி.

சுலோச்சனா

*

உத்திரமேரூர்
20.12.2025

அன்புள்ள தம்பி தமிழரசனுக்கு,

இங்கு எல்லாரும் மிக நலம். உன் அண்ணிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஜெயப்பிரியா பொங்கலுக்கு வருகிறாள். என் முழங்காலுக்குச் செங்கல்பட்டில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன், நடக்கச் சொல்லியிருக்கிறார். உன் அறையில் காற்றோட்டம் இருக்கிறதா? சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொள்கிறாயா? குளிர்காலத்தில் உனக்கு வரும் இருமல் எப்படியிருக்கிறது?

வழக்கு நல்லபடியாக முடிந்தது. ராஜாராமைப் பேசி இணங்கவைத்து, பதினேழாம் தேதி இருவருமாகச் சமரச மனு கொடுத்தோம். வேதகிரிமீது இனி எதுவும் இல்லை. நீதிமன்ற வாசலில் ஊர்க்காரர்கள் பலர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜாராம் ஒரு சால்வையும் போட்டான். "அடிச்சவன மன்னிக்கிற மனசு யாருக்கண்ணா வரும்" என்றான். வேதகிரி அங்கேயே நின்றிருந்தான்.

தை மாத அறுவடைக்குக் குடத்தை நீக்கிவிட்டு, வாய் அகன்ற பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்கியிருக்கிறோம். கைப்பிடி வைத்துச் சுழற்றும்படி செய்திருக்கிறேன். குடம் பழையதாகிவிட்டது என்று குழுவில் சொன்னேன்.

வேறு விசேஷமில்லை. உடம்பைக் கவனித்துக்கொள். புத்தாண்டு வாழ்த்துகள்.

அன்புடன்
ஏகாம்பரம்

*

மாப்புசா
29.12.2025

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு வணக்கம்.

இருமல் இல்லை. அறையில் காற்று வருகிறது.

வேதகிரி வழக்கிலிருந்து விடுபட்டதில் எனக்கு மகிழ்ச்சி. இத்தனை ஆண்டுகளில் நீங்கள் என்னை 'அன்புள்ள' என்று விளித்ததும் இதுவே முதல்முறை. கடிதத்தை நான்கு முறை படித்தேன். என் கேள்விக்குப் பதில் அதில் இல்லை.

மேசையில் ஒருவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போகலாம். கையில் என்ன இருந்தது என்று காட்டும்படி யாரும் அவரைக் கேட்க முடியாது. அது விதி, அந்த விதியால்தான் நான் பிழைக்கிறேன். களத்தில் அப்படி ஒரு விதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மன்னிக்கப்பட்டவன் என்ற பெயரோடு வேதகிரி ஊருக்குள் நடமாடுகிறார். மன்னித்தவர் என்ற சால்வை உங்களிடம் இருக்கிறது.

நான் யாருக்கும் எதுவும் எழுதப்போவதில்லை. அதை நம்பலாம். இனி நடக்க வேண்டியது உங்கள் கையில் மட்டுமே இருக்கிறது.

அண்ணிக்கும் ஜெயப்பிரியாவுக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

தமிழரசன்

*

உத்திரமேரூர்
2.2.2026

தமிழரசனுக்கு ஏகாம்பரம் எழுதுவது.

உன் அண்ணி நலம். நானும் உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்பதை முறைக்காகக் கேட்கவில்லை, எழுது.

ஐந்து வாரம் பதில் எழுதவில்லை. முதலில் உன் கேள்விக்கு விடை.

இரண்டாம் பட்டத்துக் குலுக்கலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுதிய பட்டியல் கையில் இருந்தது. கோபால் பெயர்களைப் படிக்கப் படிக்க, பட்டியல் கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டிருந்தது. ஆங்காங்கே ஒன்றிரண்டு தவறியதே ஒழிய, வரிசை மாறவில்லை. அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்தப் பட்டத்தில் மழை இல்லை, யாருக்கும் நட்டமில்லை, அடுத்த முறை சரிசெய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் குலுக்கல் நாளன்று காலையில் கைப்பேசியில் வானிலை பார்த்தேன். பத்தாம் தேதியிலிருந்து மழை என்றிருந்தது. களத்தில் என் நெல் மூடாமல் கிடந்தது. சீட்டுகளைப் போடும்போது என்னுடையதை விரலிடுக்கில் நிறுத்திவைத்தேன். கடைசியாகப் போட்டால் முதலில் வரும். முதலில் வந்தால் பேச்சு வரும். ஆகவே ராஜாராமின் சீட்டைக் கடைசிக்கு விட்டு, அதற்கு முன்னால் என்னுடையதைப் போட்டேன். இவ்வளவு யோசித்திருக்கிறேன். யோசித்துவிட்டு, இதைச் சொன்னவனைச் சிறைக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு, உன்னிடம் சான்று கேட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி தைப் பட்டக் குலுக்கலுக்குக் களத்தில் எல்லாரும் கூடியபோது இதை அப்படியே சொன்னேன். டிரம்மின் பக்கத்தில் நின்று சொன்னேன். கோபால்தான் முதலில் வாய் திறந்தான்: "எங்கையி குண்டு சார். அதுக்கு நா இன்னா பண்றது?" யாரோ சிரித்தார்கள். ராஜாராம் என்னை ஓரமாக இழுத்தான். "இன்னாண்ணா இது, கேஸே முடிஞ்சிட்ச்சி. இப்ப போயி எதுக்கு இத்த எட்த்துக்கினு... நம்ம தெரு மானமே போவுது." கையை விடுவித்துக்கொண்டேன்.

வேதகிரி கூட்டத்தின் பின்னால் பைக்மேல் உட்கார்ந்திருந்தார். இறங்கி முன்னால் வந்தார். இதுவரை என்னை நைனா என்றுதான் அழைத்திருக்கிறார்.

"நா ஒன்ன திருடன்னு சொன்னதுக்கு பதினஞ்சி நாளு உள்ள வெச்சீங்க. ஒனக்கு எத்தினி நாளு?"

"நீங்களே சொல்லுங்கள்" என்றேன்.

"நா இன்னா ஜட்ஜா? மொளச்ச நெல்ல திருப்பி நெல்லாக்குவியா? கம்பெனில போயி இவன வேலைக்கு வெச்சிக்கன்னு சொல்லுவியா? சொன்னாலும் வெச்சிக்க மாட்டான், வேற ஆள போட்டுக்கினான்." சிறிது நேரம் என் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "மத்தவங்கள்லாம் டிரம்ல போட்டு குலுக்கிக்கங்க. நீ குலுக்காத. நாப்பத்திரண்டாவதா நில்லு. தார்ப்பாய் போடாத. ராவும் பகலும் மேல பாத்துக்கினு கீறது எப்டி கீதுன்னு ஒரு தபா பாரு. அத்தோட வுட்டுடு, எனுக்கு ஒங்கூட பேச்சு வேணாம்."

ஊர்த் தெருவில் கூச்சல் எழுந்தது. நான் சரி என்று சொன்னேன். தலைவர் பதவியை விட்டுவிட்டேன். டிரம்மை வேதகிரியின் பெண் திவ்யா சுழற்றினாள், கல்லூரியில் படிக்கிறாளாம். காலனிக்காரர் ஐந்து பேர் முதல் பதினான்கில் வந்தார்கள். நீ எழுதிய கணக்குக்கு அது ஒத்துவருகிறது என்று நினைக்கிறேன்.

உன்மீது எனக்குள்ள கோபம் குறையவில்லை. நீ சொன்னது சரி என்பதால் நீ செய்யும் தொழில் எனக்குச் சரியாகிவிடாது. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்: இந்த ஐந்து வாரத்தில் உன்னை வெறுப்பதற்கு நான் எடுத்துக்கொண்ட முயற்சியில் பாதியை நெல்லுக்குச் செலவிட்டிருந்தால் விளைச்சல் கூடியிருக்கும். படகில் ஏறக் கால் வராத நாள்களில் ஏறாதே. வேறு எதையும் உனக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

இதைக் களத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எடை இன்று இருபத்தாறாம் குவியலில் நின்றுவிட்டது. சாக்கு வரவில்லை என்கிறார்கள். உன் அண்ணி வீட்டிலிருந்து தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வந்தாள். திருப்பி அனுப்பிவிட்டேன். போகும்போது என்னைத் திட்டிக்கொண்டே போனாள். எதிரே வந்த வேதகிரி அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். என் பக்கம் திரும்பவில்லை.

தை மாதத்தில் மழை பெய்யாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மதியத்திலிருந்து கிழக்கே மேகம் ஏறுகிறது. எத்தனை சதவீத வாய்ப்பு என்று கைப்பேசியில் இருக்கும். நான் பார்க்கவில்லை.

அண்ணன்
ஏகாம்பரம்